ஏலக்காரர் மகளின் காது

அந்த ஆஸ்பத்திரியில் முதல் மாதம் முழுக்க என்னைக் காது குத்த வந்தவள் என்றுதான் நினைத்தார்கள். கையில் சின்னப் பெட்டி, பெட்டியிலிருந்து நீளும் ஒயர், ஒயர் முனையில் ரப்பர் மொட்டு. பிறந்து ஒரு நாள்கூட முழுசாக ஆகாத குழந்தையின் காதுகிட்டே அதைக் கொண்டுபோனால் வேறு என்னதான் நினைப்பார்கள்?

"இப்பவே வாணாம்மா, மொட்ட அடிக்கசொல்ல குத்திக்கலாம்" என்று ஒரு அம்மா குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர் இன்னும் விவரம். "கம்மல் நீயே தருவியா, நாங்க எடுத்தாரணுமா?"

காது குத்த இல்லை, காது கேட்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்னால் வார்டே சிரிக்கும்.

"பொறந்து இன்னும் கண்ணே சரியா தொறக்கல. அதாண்ட போயி காது கேக்குதான்னு கேப்பியா? அது இன்னா, கேக்குதுக்கான்னு சொல்லுமா?"

சொல்லும். அதுதான் விஷயமே. அதை நினைத்து நினைத்துத்தான் நான் அந்த நாட்களில் தரையில் கால் படாமல் திரிந்தேன். நல்ல காது என்பது சத்தம் உள்ளே போகிற ஓட்டை மட்டும் இல்லை. உள்ளே நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கிற பகுதிக்குச் சத்தம் போய்ச் சேர்ந்தால், அது சும்மா இருக்காது, பதிலுக்கு லேசாக முணுமுணுக்கும். யார் காதுக்கும் எட்டாத முணுமுணுப்பு. என் பெட்டி சின்னச் சின்னச் சத்தமாக உள்ளே அனுப்பிவிட்டு அந்தப் பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வந்தால் திரையில் 'பாஸ்'. வராவிட்டால் 'ரெஃபர்', அதாவது இன்னொரு முறை பார்க்க வேண்டும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலே போதும், காது தானாகப் பதில் சொல்லிவிடும். இதை முதன்முதலில் வகுப்பில் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா உலை வைத்துக்கொண்டே, "பொம்பளைங்க மாதிரி, கேட்டா பதிலுக்கு முணுமுணுக்குதா" என்றார். இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் திருவொற்றியூர்க்காரி. கேட்டல், பேச்சு பற்றிய படிப்பை முடித்த கையோடு, அதே துறையில் நிறைய வருஷம் பழகிய ஒரு மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மேடம் எப்படியோ பேசி ஒரு அறக்கட்டளை மூலம் அந்தப் பெட்டியை வாங்கி, வடசென்னையில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு என்னையும் அதையும் சேர்த்து அனுப்பிவிட்டார். காலேஜில் நான் 'இன்னா' என்று வாயைத் திறந்தால் பின்வரிசை சிரிக்கும். இங்கே 'என்ன' என்று ஆரம்பித்தால் யாரும் திரும்பியே பார்க்கவில்லை. ரெண்டாவது நாளே வீட்டுப் பேச்சுக்கு மாறிவிட்டேன். நாக்குக்கு விடுதலை.

வேலையில் ரெண்டு தொல்லை. ஒன்று, வெளிச் சத்தம். ஆஸ்பத்திரி வாசலில்தான் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒருத்தன் ஹாரன் அடித்தால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் மரியாதைக்காக அடிப்பார்கள். அந்த இரைச்சலில் முணுமுணுப்பு எங்கே கேட்பது? நான் குழந்தைகளைத் துணி அடுக்கி வைக்கிற அறைக்குத் தூக்கிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். கூடவே வந்த அம்மாக்கள் வேர்த்துக் கொட்டி, "புள்ளைக்கு காது கேக்குதோ இல்லியோ, எனுக்கு மயக்கம் வருது" என்பார்கள்.

ரெண்டாவது தொல்லை எண்ணெய். நம் பக்கத்தில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டினால் காதில் எண்ணெய் விட்டு, ஒரு ஊது ஊதாமல் விட மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் வேண்டாம் என்று சொன்னாலும், நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் ஒரு சொட்டு விழுந்துவிடும். எண்ணெய் அடைத்த காதில் என் பெட்டிக்குப் பதில் வராது. ஆரம்பத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வரிசையாக ரெஃபர், ரெஃபர் என்று வரவே, மேடத்துக்குப் போன் போட்டுவிட்டேன். "வார்டுல எண்ணெய் வாசனை வருதான்னு முதல்ல மோந்து பாரு" என்றார் மேடம். மோந்து பார்த்தேன். வார்டே தேங்காய் எண்ணெயில் மிதந்தது.

அதனால்தான் அந்தப் பெண் குழந்தைக்கு ரெஃபர் வந்தபோது நான் பதறவில்லை. "எண்ணெ ஊத்துனீங்களா?" என்றேன். அம்மா, குரலே வராத சின்ன உருவம், ஆமாம் என்று தலையாட்டினார். "நாப்பத்தஞ்சாம் நாள் ஊசிக்கு வருவீங்க இல்ல, அப்ப இன்னொரு தபா பாக்கலாம். அதுவரைக்கும் காதுல ஒன்னியும் ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, சிரித்தபடியே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

ஊசிக்கு வந்த அன்று அவர்கள் உள்ளே வருவதற்கு முன்னாலேயே குழந்தையின் அப்பா வந்துவிட்டது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் குரல் வந்துவிட்டது. கேட்டில் நின்று வாட்ச்மேனிடம் வழி கேட்டதுதான், மாடி வார்டில் தூங்கிக்கொண்டிருந்த ரெண்டு குழந்தைகள் எழுந்து அழ ஆரம்பித்தன. காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிறவர் அவர். விடியற்காலையில் படகு படகாக மீன் இறங்க, ஐஸ் உடைக்கிற சத்தம், வண்டிச் சத்தம், நூறு பேர் பேரம் பேசுகிற சத்தம், இதற்கெல்லாம் மேலே ஏறி நிற்க வேண்டிய குரல். அது ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் இறங்கி நிற்கவில்லை.

"இன்னா டாக்டரம்மா, எம் பொண்ணுக்கு பரிச்சையாமே? பாஸ் பண்ணிடுவா, பயப்படாத!"

"அண்ணா, நான் டாக்டர் இல்ல. ரவ மெதுவா பேசுங்க."

"மெதுவாத்தானே பேசிகினு கீறேன்!"

அவரை வெளியே நிற்க வைத்துவிட்டு, துணி அறையில் பார்த்தேன். காது சுத்தமாக இருந்தது. குழந்தை நன்றாகத் தூங்கியது. லாரிகூட அன்று ஒத்துழைத்தது. வலது காது ரெஃபர். இடது காது ரெஃபர். ரப்பர் மொட்டை மாற்றிப் பார்த்தேன். மறுபடி ரெஃபர். பெட்டிதான் கெட்டுவிட்டதோ என்று என் காதிலேயே வைத்துப் பார்த்தேன். பாஸ். அடுத்து ஊசிக்கு வந்திருந்த ஒரு பையனுக்கு வைத்தேன். பாஸ். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. என் சிரிப்புதான் போய்விட்டது.

வெளியே வந்து, பெரா என்று ஒரு பெரிய டெஸ்ட் இருக்கிறது, குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் சின்ன ஒயர்களை ஒட்டி, சத்தம் மூளைவரைக்கும் போகிறதா என்று பார்ப்போம், அதைச் செய்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். படபடவென்று பேசினேன். சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் காது மெஷின் போட்டுப் பேச வைத்துவிடலாம், குழந்தை பேச்சைக் கற்றுக்கொள்வது காதால்தான், இந்த முதல் சில மாதங்கள் போனால் திரும்பி வராது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் 'மூளை' என்ற சொல்லிலேயே பயந்து நின்றுவிட்டார், மிச்சம் எதுவும் அவருக்குள் போகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

"இன்னாம்மா சொல்ற? எம் பொண்ணுக்கு காது கேக்கலையா? எங்கொரலுக்கு நடுக்கடல்ல கீற போட்டே திரும்பும், இவ திரும்ப மாட்டாளா? தோ பாரு!"

குழந்தையை வாங்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். தலை நிமிர்ந்தது. கூவினார் பாருங்கள், வார்டு நடுவில் ஒரு ஏலம். "வா வா வா வா, வஞ்சிரம் வஞ்சிரம், பாத்துக்க பாத்துக்க, ஒரு தரம்! ரெண்டு தரம்!" ஜன்னல் கம்பி அதிர்ந்தது. குழந்தையின் கண் அகலமாக விரிந்தது. கை கால் ரெண்டும் அசைவது நின்றது. பிறகு வாய் மெல்லக் கோணி, சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. ஊசிக்கு வந்திருந்த அத்தனை அம்மாக்களும் கை தட்டினார்கள்.

"மூணு தரம்!" என்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா சொல்லுது உன் பொட்டி?"

நான் பெட்டியை மூடி, பெராவுக்கு ஒரு தேதி எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா மட்டும் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ கேட்க வந்து, விழுங்கிக்கொண்ட பார்வை.

பெராவுக்குக் கொடுத்த தேதியில் அவர்கள் வரவில்லை. அடுத்த தேதியிலும் வரவில்லை. அவர்கள் கொடுத்திருந்தது பக்கத்து வீட்டு போன் நம்பர். கூப்பிட்டால், "அவுரு ஏலத்துக்குப் பூட்டாரு" என்று எந்நேரமும் ஒரே பதில். மேடம் பொறுமையாக இரு என்றார். எனக்கும் பொறுமைக்கும் எப்போதுமே ஆகாது. குழந்தை கண் விரித்ததை நானே பார்த்தேன். காது பதில் சொல்லாததையும் நானே பார்த்தேன். ரெண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். இல்லை, ரெண்டுமே உண்மையாக இருக்க வேண்டும். அது எப்படி?

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தண்டையார்பேட்டை தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் சாவு ஊர்வலம். பூ இறைத்து, பட்டாசு போட்டு, மேளத்துக்கு ஆடிக்கொண்டு ஒரு கூட்டம். யாரோ நிறைய வயசு வாழ்ந்துவிட்டுப் போனவர் போல, அழுகையைவிட ஆட்டம்தான் அதிகம். மேளக்காரர்கள் என் ஜன்னலுக்கு நேராக வந்துவிட்டார்கள். சத்தம் தாங்காமல் ரெண்டு விரலையும் காதில் விட்டு நன்றாக அடைத்துக்கொண்டேன். காதில் சத்தம் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு அடியும் என் நெஞ்செலும்பில் வந்து விழுந்துகொண்டுதான் இருந்தது. தம், தம், தம்.

நெஞ்சு!

அந்தக் குழந்தையை அவர் எங்கே வைத்துக்கொண்டு கூவினார்? நெஞ்சில். அந்தக் குரல் கிளம்புகிற இடத்தின் மேலேயே அல்லவா அவள் படுத்திருந்தாள். காது எதற்கு? கன்னம் போதும், வயிறு போதும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நின்றிருந்த பஸ்ஸிலிருந்து இறங்கி, ஊர்வலத்தைத் தாண்டி, ஒரு கடையிலிருந்து மேடத்துக்குப் போன் செய்தேன். பின்னணியில் மேளம். "எங்கே இருக்கே நீ?" என்றார் மேடம். "சாவுல" என்றேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நாளைக்கே போ. ஆனா சண்டை போடாதே. அவரே கண்டுபிடிக்கட்டும்" என்றார்.

மறுநாள் மத்தியானம் போனேன். ஏலம் முடிந்து அவர் தூங்கி எழுகிற நேரம். காசிமேட்டில் ஒரு சந்து, வாசலுக்கு வாசல் காய்கிற வலை, மூக்கைத் துளைக்கிற கருவாடு. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். குழந்தையின் அம்மா, அந்த அக்கா மட்டும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து பாய் போட்டார்.

"குந்துங்க. வருவீங்கன்னு நென்ச்சேன்" என்றார். நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவு சின்னக் குரல். "ஒன்னு கேக்கவா? அவுரு கூப்ட்டா புள்ள சிரிக்குது. நான் கூப்ட்டா திரும்பியே பாக்க மாட்டேங்குது. பின்னாடி நின்னு எத்தினி தபா கூப்ட்டுப் பாத்துட்டேன். எங்கொரலு வீக்கு. சின்னதுலருந்தே அப்பிடித்தான். எங்கொரலு எம் பொண்ணுக்கே கேக்கலையேன்னு…"

அதற்கு மேல் சொல்லாமல் குழந்தையின் சட்டையை இழுத்து இழுத்துச் சரி செய்தார். அந்த வீட்டில் அப்படித்தான் முடிவாகியிருந்தது. ஊருக்கே கேட்கிற குரல் ஒருவருக்கு, யாருக்கும் கேட்காத குரல் இன்னொருவருக்கு. குழந்தை திரும்பாவிட்டால் குற்றம் அம்மாவின் தொண்டையில். குழந்தையின் காதை யாரும் சந்தேகப்படவே இல்லை.

அவர் சந்து முனையில் திரும்புவது வழக்கம்போல் முன்கூட்டியே தெரிந்தது.

"ஆஹா, டாக்டரம்மா! பொட்டிய எட்த்துகினு வூட்டுக்கே வந்துட்டியா?"

"பொட்டி எட்த்தாரலண்ணா. உங்க ஏலம் கேக்க வந்தேன். அன்னிக்கு சூப்பரா கூவுனீங்க. இன்னொரு தபா கூவுங்க."

மகிழ்ந்துபோனார். குழந்தையை வாங்கக் கை நீட்டினார்.

"புள்ள அக்கா மடியிலயே இர்க்கட்டும். நீங்க அந்தாண்ட, வாசல்ல நின்னு கூவுங்க. அவ மூஞ்சிய பாக்காத மாதிரி, பின்னாடி."

"ஏன், எங்க நின்னு கூவுனா இன்னா? மீனு மாறிடுமா?" என்று சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனார். தொண்டையைச் செருமினார். கூவினார். "வா வா வா வா, சங்கரா சங்கரா, கேளு கேளு, ஒரு தரம்!"

குழந்தை அம்மாவின் தாலிக் கயிற்றைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கண் விரியவில்லை. கை நிற்கவில்லை.

"ரெண்டு தரம்!" இன்னும் மேலே போனார். கூரைமேல் இருந்த காக்காய் பறந்தது. எதிர் வீட்டில் ஒரு குழந்தை அலறியது. சந்தில் கதவுகள் திறந்தன. ஒரு அம்மா நிஜமாகவே கூடையோடு ஓடிவந்துவிட்டார். "இன்னாண்ணே, இந்நேரத்துல மீனு வந்துகீதா? எங்க, சங்கராவா?" அவர் பின்னால் இன்னும் நாலு பேர். "மீனக் காணோமே, சும்மாங்காட்டி கூவிகினு கீறான்", "காலைல வித்தது பத்தலையாமா", "வூட்ட ஏலம் வுடுறான் போல, கேளுடி நீ" என்று ஆளாளுக்கு.

அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இந்தக் கூத்து எதுவும் இந்த உலகத்தில் நடக்காத மாதிரி கயிற்றை மென்றுகொண்டிருந்தாள்.

உள்ளே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குழந்தையைத் தூக்கி மார்பில் சாய்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் "ம்ம்ம்" என்று மட்டும் அடித்தொண்டையில் இழுத்தார். கண் விரிந்தது. வாய் கோணிச் சிரித்தது. மறுபடி கையை நீட்டிக் குழந்தையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கத்தினார். ஒன்றுமில்லை. மறுபடி மார்பு. சிரிப்பு. பிறகு குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தன் உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்து "ம்ம்ம்" என்று பார்த்தார். அப்படியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார்.

கூடையோடு வந்த அம்மா மெதுவாக மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு போனார். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது அப்போதுதான்.

"அந்தப் பெரிய டெஸ்டு எங்க?" என்றார் கடைசியில்.

பெராவுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். அதற்காக முதல்நாள் ராத்திரி சரியாகத் தூங்க விடாதீர்கள், காலையில் பஸ்ஸிலும் தூங்க விடாதீர்கள் என்று சொல்லியிருந்தோம். மூன்று பேர் வந்தார்கள். அப்பா தூங்கி வழிந்தார், அம்மா தூங்கி வழிந்தார். மகள் மட்டும் பளிச்சென்று எங்கள் டியூப்லைட்டை ரசித்துக்கொண்டிருந்தாள். மருந்து கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, ஒருவழியாக அவள் கண் சொருகியபோது அப்பா நாற்காலியில் குறட்டை. மேடம் அவரை எழுப்பி வெளியே அனுப்பச் சொன்னார். குறட்டையும் ஏலக் குரலிலேயே வந்துகொண்டிருந்தது.

கோடுகள் திரையில் ஓடின. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். மிக உயரத்தில் போன பிறகுதான் ஒரு சின்ன மேடு தெரிந்தது. ரெண்டு காதிலும் கேட்கும் திறன் கடுமையாகக் குறைவு. முழுக்க இல்லை என்று இல்லை, மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. மேடம் அவர்களை உட்கார வைத்து, என்னை மாதிரி கொட்டாமல், ஒவ்வொன்றாக, அவர்கள் தலையாட்டிய பிறகு அடுத்தது என்று சொன்னார்.

அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். "எங்கொரலாலதான் போச்சா? இது வயித்துல கீறசொல்லவே நான் கூவிகினேதான் இருந்தேன்."

மேடம் சிரிக்காமல் சொன்னார். "உங்க குரலால காது போகும்னா, காசிமேடே இந்நேரம் செவிடாயிருக்கணும். பிறவியிலேயே சில பேருக்கு இப்படி இருக்கும். நீங்களும் காரணம் இல்ல, அவங்களும் காரணம் இல்ல."

அந்த அக்கா அப்போதுதான் நிமிர்ந்தார். "அப்ப எங்கொரலு மேல ஒன்னும் இல்லியா?"

"ஒண்ணும் இல்லம்மா. இனிமே உங்க குரல்தான் ரொம்ப வேணும்."

அழுதார். முகம் மட்டும் என்னவோ லேசாகிவிட்ட மாதிரி இருந்தது.

காதுக்கு அளவெடுத்து அச்சு செய்து, மெஷின் வந்து சேர்ந்து, மாட்டி விடுவதற்குள் குழந்தை குப்புற விழுந்து தவழப் பார்க்கிற வயசுக்கு வந்துவிட்டது. மாட்டிய அன்று அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சுவிட்சைப் போட்டால் மகள் திரும்பி அப்பா என்று சொல்லிவிடுவாள் என்ற எதிர்பார்ப்பு. சொல்லப் போனால் எனக்கும் கொஞ்சம் இருந்தது. சுவிட்சைப் போட்டோம். அவள் ஒரு மெஷினைப் பிடுங்கிச் சப்பினாள்.

"அவ்ளோதானா?" என்றார் அப்பா.

அவ்வளவுதான். காது திறந்ததும் அர்த்தம் வந்துவிடாது, சத்தம் என்று ஒன்று இருக்கிறது என்பதையே அவள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மேடம் சொன்னார். வீட்டில் நாள் முழுக்கப் பேசச் சொன்னார். வாரம் ஒருமுறை நான் போய்ப் பார்க்க ஏற்பாடு. அந்த வீட்டில் அப்புறம் நடந்தது வேடிக்கை. யாருக்கும் குரலே கேட்காத அந்த அக்கா, காலையிலிருந்து பேச ஆரம்பித்துவிட்டார். "அம்மா இப்ப மீனு கழுவுறேன் பாத்தியா, இது நெத்திலி, தல கிள்ளணும், ஐயய்ய, பூன வந்துகினு கீது, போ போ" என்று நிறுத்தாமல். அடுத்த வீட்டுக்காரிகள், "இத்தினி நாளா இதெல்லாம் எங்க வச்சிருந்த நீ?" என்று கேட்டார்கள்.

அப்பாதான் திண்டாடினார். கத்தினால் மெஷினில் சத்தம் உடைந்து இரைச்சலாகப் போகும், கிட்டே வந்து சாதாரணமாகப் பேச வேண்டும் என்று நான் சொன்னேன். சாதாரணம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. பயிற்சி கொடுத்தேன்.

"அண்ணா, எனுக்கு மட்டும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

"சோறு துன்னியா?"

தெருவிலிருந்து ஒருவர், "துன்ட்டேன் தல!" என்று பதில் சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னும் ரவ கம்மியா."

அவர் மூச்சை இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க, உதட்டை மட்டும் அசைத்தார். சத்தமே வரவில்லை. ரெண்டுக்கும் நடுவில் அவரிடம் ஒன்றும் இல்லை. முழு ஏலம், இல்லாவிட்டால் ஊமைப்படம். "உன் பொட்டியில சத்தம் கொறைக்கிற திருகு கீதே, அத்த என் தொண்டையில மாட்டு தங்கச்சி" என்று அலுத்துக்கொண்டார். டாக்டரம்மா எப்போதோ தங்கச்சி ஆகியிருந்தேன்.

வாரங்கள் போயின. குழந்தை மெஷினைப் பிடுங்குவதைக் குறைத்துக்கொண்டாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு முறை நான் கிளம்பும்போதும் அவர், "கேக்குதா இல்லியா, ஒன்னு சொல்லு" என்பார். பொறுங்கள் என்று நான் சொல்வேன். பொறுமையைப் பற்றி நான் பேசுவதைக் கேட்டால் என் அம்மா விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

பிறகு அந்த மத்தியானம். நான் மெஷினுக்குப் புது பேட்டரி போட்டு, மகளின் காதில் மாட்டிவிட்டு, மிச்ச பேட்டரிகளை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் அம்மா மடியில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு ஸ்பூனை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அப்பா வீட்டுக்கு வந்தார். யாரோ வலைக்காரனோடு தகராறு போல. பயிற்சியெல்லாம் மறந்து, வாசப்படியிலேயே நின்று வெளியே திரும்பி, "டேய், நாளைக்கு வாடா உன்ன வச்சுக்கிறேன்!" என்று ஒரு போடு போட்டார்.

ஸ்பூன் கீழே விழுந்தது. மகளின் உடம்பு தூக்கிப் போட்டது. உதடு பிதுங்கியது, நடுங்கியது, அப்புறம் வீறிட்டு ஒரு அழுகை.

"யோவ்!" என்று கத்தினார் அந்த அக்கா. நிஜமாகவே கத்தினார், சந்துக்கே கேட்டிருக்கும். "அறிவு கீதா உனுக்கு? புள்ள பயந்துகிச்சு பாரு! மெதுவாத்தான் பேசித் தொலையேன்!"

அவர் வாசப்படியிலேயே நின்றார்.

"இன்னா சொன்ன?"

"பயந்துகிச்சுன்னு சொன்னேன்! எம்மாம் சத்தம் போட்ற நீ, புள்ளைக்கு…"

பாதியில் நிறுத்திவிட்டு அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் வாசப்படியில் நின்ற அவரைப் பார்த்தேன். குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. மூன்று பேரும் அந்த அழுகையைக் கச்சேரி மாதிரி கேட்டுக்கொண்டிருந்தோம்.

"என்னப் பாத்துதா? பாத்துட்டு பயந்துதா?" என்றார் அப்பா.

"முதுக காட்டிகினு இல்ல குந்திகீது" என்றார் அக்கா.

"நெஞ்சுல கூட வச்சுக்கலையே நானு?"

"இல்லண்ணா. நீங்க வாசல்ல கீறீங்க" என்றேன்.

அவர் மகளிடம் போகவில்லை. வெளியே போய்விட்டார். எதற்கு என்று எட்டிப் பார்த்தேன். எதிர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கூடையோடு ஓடிவந்த அதே அம்மா எட்டிப் பார்த்தார். இவர் குனிந்து அவர் காதருகே ஏதோ சொன்னார். அடுத்த வீடு. அங்கேயும் குனிந்து ஏதோ சொன்னார். அதற்கடுத்த வீடு. சந்தில் அவர் குரல் கேட்கவே இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர்தான் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"இன்னா தல, கொரலுக்கு இன்னா ஆச்சு? தொண்ட கட்டிகிச்சா?"

அவர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா பேசுடா" என்றார், முதன்முறையாக ஒரு சாதாரணக் குரலில். "புள்ள முழிச்சிகினு கீது."